அரைக் கிலோ நாற்காலியும் ஓர் அடி ஃபோமும்

மலையேறுபவர்களுக்கென்றே செய்யும் மடக்கு நாற்காலிகளில் மிக இலேசானவை என்று பெயரெடுத்த சிலவற்றில் ஒன்று, தென் கொரியாவின் ஹெலினாக்ஸ் நிறுவனம் செய்யும் 'சேர் ஜீரோ'. எடை சுமார் 490 கிராம். 120 கிலோ ஆள் வரை தாங்கும் என்கிறது நிறுவனம். மடித்தால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைவிடக் கொஞ்சம் நீளமான பொட்டலம். அதற்கு எதிரே வைத்துப் பார்க்க வேண்டியது, அமெரிக்காவின் தெர்ம்-எ-ரெஸ்ட் விற்கும் 'இசட் சீட்'. 41 செ.மீ. நீளம், 33 செ.மீ. அகலம், 60 கிராம் எடை. விசிறி மடிப்பாக மடியும் ஒரு ஃபோம் துண்டு, அவ்வளவுதான். காலும் கிடையாது, முதுகும் கிடையாது. கிடைத்த இடத்தில் போட்டு உட்கார வேண்டியதுதான்.

இவை இரண்டும் ஒரே கடையில் ஒரே அலமாரியில் இருப்பதில்லை. ஆனாலும் பை கட்ட உட்காரும் ஒவ்வொருவர் மனதிலும் இந்த இரண்டும்தான் மோதுகின்றன. நாற்காலியை எடுத்துக்கொண்டால் கூடுதல் சுமை 430 கிராம். தண்ணீர்க் கணக்கில் கிட்டத்தட்ட அரை லிட்டர். இந்த அரை லிட்டருக்குப் பதிலாக நாற்காலி எதைத் தருகிறது என்பதுதான் கேள்வி. இதற்கு உலகம் முழுக்க ஒரே பதில் கிடையாது. பொள்ளாச்சி, உடுமலை, போடி வழியாகக் கேரள மலைக்குள் நுழைகிறவருக்கு மட்டும் தெளிவான ஒரு பதில் இருக்கிறது என்பது என் கட்சி.

முதலில் இடத்தைச் சொல்லிவிட வேண்டும். பாலக்காடும் இடுக்கியும் ஒன்றையொன்று தொடும் மாவட்டங்கள் அல்ல. நடுவே திருச்சூரும் எர்ணாகுளமும் புகுந்திருக்கின்றன. ஆனால் இரண்டுக்கும் கிழக்கே பொதுவான அண்டை தமிழ்நாடு. பறம்பிக்குளம் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே வண்டியில் போகச் சேத்துமடை, டாப்சிலிப் என்று தமிழ்நாட்டுக்குள் சுற்றித்தான் போக வேண்டும். கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கே போகும் ஜீப் கிளம்புவது இடுக்கியின் சூரியநெல்லியிலிருந்து. உடுமலையிலிருந்து மூணாறு போகும் பேருந்து சின்னார் சோதனைச்சாவடியில் மாநிலம் மாறுகிறது, காடு மாறுவதில்லை. நான் பேசுவது இந்த எல்லைக்கோட்டை ஒட்டிய நடைபாதைகளைப் பற்றி.

இங்கே தரை ஒரே மாதிரி இருப்பதில்லை. பாலக்காட்டுப் பக்கம், நெல்லியாம்பதியும் பறம்பிக்குளத்தின் பசுமைக்காடுகளும் தென்மேற்குப் பருவமழையை முழுசாக வாங்குபவை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தரை இலைமட்கும் சேறும் அட்டையும்தான். சின்னார் மழை மறைவுப் பிரதேசம். ஆண்டுக்கு 500 மி.மீ. அளவே மழை, முள்காடு, சரளைக்கல், பாறை, கள்ளி. மூணாற்றுக்கு மேலே போனால் மூன்றாவது வகை: சோலைக்காடும் புல்வெளியும். அங்கே தரை தொட்டால் பஞ்சு மாதிரி இருக்கும். காலை வைத்தால் தண்ணீர் ஊறும்.

நாற்காலியின் முதல் சோதனை இந்தத் தரைதான். கணக்கு எளிது. 70 கிலோ ஆள் உட்காருகிறார். நான்கு கால்கள், ஒவ்வொன்றின் நுனியும் 2 செ.மீ. விட்டமுள்ள ரப்பர் குமிழ் என்று வைத்துக்கொள்வோம். ஒரு காலின் கீழ் பரப்பு சுமார் 3 சதுர செ.மீ. எடை சரிசமமாகப் பிரிந்தாலும் ஒவ்வொரு சதுர செ.மீ. மண்ணிலும் ஐந்தரைக் கிலோவுக்கு மேல் இறங்குகிறது. அதே ஆள் இரண்டு காலில் நின்றால் கால் கிலோகூட இல்லை. அதாவது நிற்கும்போது அமுங்காத மண்ணையும் நாற்காலி இருபது மடங்குக்கு மேலான அழுத்தத்தில் குத்துகிறது. போதாததற்கு எடை சரிசமமாகப் பிரிவதே கிடையாது. சாய்ந்ததும் பின்கால் இரண்டுக்கும் பெரும்பங்கு போய்விடும். ஈரப் புல்வெளியில் நடப்பது இதுதான்: உட்கார்ந்து டம்ளரைக் கையில் வாங்கும் வரை ஒன்றும் தெரியாது, பிறகு வலது பின்கால் மட்டும் மெதுவாக இறங்கத் தொடங்கும், முட்டி மேலே எழும், டீ சாயும், எழுந்து காலைப் பிடுங்கினால் நுனியில் ஒரு விரற்கடை கருப்பு மண் உறைபோல ஒட்டிக்கொண்டு வரும்.

இதற்கு மருந்து இருக்கிறது. நான்கு கால்களையும் இணைக்கும் ஒரு தரைவிரிப்பை ஹெலினாக்ஸ் நிறுவனமே தனியாக விற்கிறது. செலவில்லாத வழி, நான்கு டென்னிஸ் பந்துகளில் ஓட்டை போட்டுக் காலில் மாட்டுவது. ஆனால் ஒரு டென்னிஸ் பந்து சுமார் 58 கிராம். நான்கு பந்து என்றால் 230 கிராம். 490 கிராம் நாற்காலி 700 கிராமைத் தாண்டிவிட்டது. இலேசு என்று காசு கொடுத்து வாங்கியதன் நியாயம் பாதி போயிற்று.

ஃபோம் துண்டுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. பரப்பு முழுக்க எடையைப் பரப்பிவிடுகிறது. அமுங்குவதற்கு அதில் ஏதுமில்லை. சேற்றில் போட்டால் சேறாகும். உதறினால், துடைத்தால் போச்சு. மூடிய அறைகள் கொண்ட ஃபோம் என்பதால் தண்ணீரை உறிஞ்சாது. மெத்தைக் கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்பஞ்சு உறிஞ்சும். இந்த வேறுபாடு தெரியாமல் ஸ்பஞ்சை வெட்டி எடுத்துக்கொண்டு நெல்லியாம்பதி ஏறுகிறவர் இறங்கும்போது கால் லிட்டர் மழையையும் சேர்த்துச் சுமப்பார்.

அட்டையை விட்டுவிட்டு இந்தக் காட்டைப் பற்றிப் பேச முடியாது. நாற்காலிக்காரர்கள் சொல்லும் வலுவான வாதமே இதுதான்: தரைக்கு மேலே உட்கார்ந்தால் அட்டை ஏறாது. பாதிதான் உண்மை. காலணி எப்படியும் தரையில்தான் இருக்கிறது, அட்டை ஏறுவது அதன் வழியாக. இருந்தாலும் ஈரக்காட்டில் தரையோடு தரையாக உட்காருவதைவிட நாற்காலி நிம்மதி என்பதை மறுக்க மாட்டேன். உள்ளூர் வழிகாட்டிகள் செய்வதோ இரண்டும் இல்லை. அட்டை இருக்கும் இடத்தில் அவர்கள் உட்காருவதே இல்லை. நின்று மூச்சு வாங்கிவிட்டு, பாறை வரும் வரை நடக்கிறார்கள். வெயில் படும் காய்ந்த பாறையில் அட்டை தங்காது. அங்கே போய் உட்காருகிறவருக்கு நாற்காலி வேண்டாம். பாறையின் சில்லிப்பையும் சொரசொரப்பையும் மறைக்க ஒரு துண்டு போதும்.

ஃபோம் துண்டின் சாமர்த்தியம் இங்கேதான் இருக்கிறது. உயரத்தை அது தன்னோடு கொண்டுவருவதில்லை, வழியில் கிடைப்பதைக் கடன் வாங்குகிறது. பாறை, விழுந்த மரம், வேர்ப்புடைப்பு, கால்வாய்க் கரை, கலுங்கு எல்லாம் இருக்கையாகிவிடும். சேர் ஜீரோவின் இருக்கை தரையிலிருந்து 28 செ.மீ. உயரம்தான். எடையைக் குறைக்கக் காலைக் குட்டையாக்கியிருக்கிறார்கள். வீட்டு நாற்காலி 45 செ.மீ. இருக்கும். முழங்கால் தேய்ந்தவர் 28 செ.மீ. உயரத்திலிருந்து எழுவது, 45 செ.மீ. பாறையிலிருந்து எழுவதைவிட மிகக் கடினம். 'தரையில் உட்கார முடியாது, அதனால் நாற்காலி' என்று வாங்கும் ஐம்பது வயதுக்காரர் கடையில் ஒருமுறை உட்கார்ந்து கையூன்றாமல் எழுந்து பார்க்க வேண்டும். அவருக்கு உண்மையில் வேண்டியது உயரமான மடக்கு முக்காலியாக இருக்கலாம். முக்காலிக்கு இன்னொரு நன்மை உண்டு. மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும். எவ்வளவு மேடுபள்ளமான தரையிலும் அது ஆடாது. நான்கு கால் ஆடும்.

நான்கு கால் ஆடாமல் இருக்க ஒரு வழியை நம் நாட்டிலேயே கண்டுபிடித்தார்கள். உத்தராகண்டில் ரூர்க்கி என்று ஓர் ஊர். ராணுவப் பொறியியல் படையின் ஊர் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே உருவான 'ரூர்க்கி நாற்காலி' பிரிட்டிஷ் அதிகாரிகளின் முகாம்களில் புகழ்பெற்றது. கடைந்தெடுத்த மரக்கால்கள், குறுக்குச் சட்டங்களின் முனை கூம்பாகச் சீவப்பட்டுக் காலிலுள்ள துளையில் செருகப்படும். ஆணியும் பசையும் கிடையாது. கித்தானின் இழுவிசைதான் எல்லாவற்றையும் பிடித்து வைக்கிறது. மூட்டுகள் இறுகாமல் நெகிழ்ந்திருப்பதால் ஒவ்வொரு காலும் தன் தரையைத் தானே தேடிக்கொள்ளும். டென்மார்க்கின் கோரே கிளின்ட் 1933-இல் வடிவமைத்த 'சஃபாரி நாற்காலி' இதைப் பார்த்துச் செய்ததுதான். இன்று பெருநகர வரவேற்பறைகளில் பெரும் விலைக்கு விற்கிறது. ஆனால் மரச்சட்டமும் கித்தானும் என்றால் எடை பல கிலோ. அது யாருக்கும் பிரச்சினையாக இருக்கவில்லை, ஏனென்றால் உட்காருகிறவர் வேறு, சுமக்கிறவர் வேறு. முகாம் நாற்காலி என்ற பொருள் பிறந்ததே கூலியாளின் தலைமேல்தான்.

தலைச்சுமைக்காரருக்கும் வழியில் ஓர் ஏற்பாடு இருந்தது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பழைய பாதைகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கல் இன்னும் நிற்கிறது. இரண்டு கல்தூண், மேலே குறுக்காக ஒரு பலகைக்கல். மலையாளத்தில் சுமடுதாங்கி, அத்தாணி என்கிறார்கள். கர்ப்பத்தில் இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் நட்டவை பல. ஆள் உட்கார அந்தக் கல் உயரம். குனியாமல், யாருடைய கையும் வேண்டாமல், தலைச்சுமையை இறக்கி வைக்கச் சரியான உயரம். களைத்தவருக்கு முதலில் வேண்டியது இருக்கையா, சுமை இறங்குவதா என்பதில் கல் நட்டவர்களுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. பத்து கிலோ பையோடு நடப்பவரும் இதைச் செய்து பார்க்கலாம். இடுப்புயரப் பாறையில் பையின் அடியை முட்டுக்கொடுத்து வாரைத் தளர்த்தி இரண்டு நிமிடம் நின்றால் தோள் மீண்டுவிடும். நாற்காலியை வெளியே எடுப்பதற்குள் அந்த ஓய்வு முடிந்திருக்கும்.

ஆக, எதை எடுத்துப்போவது என்பதை முடிவுசெய்வது ஓய்வின் நீளம். மடக்கு நாற்காலியை விரிப்பது பெரிய வேலை இல்லை. உறையிலிருந்து உதறினால் உள்ளேயுள்ள எலாஸ்டிக் கயிறு அலுமினியக் கம்பிகளைத் தானாக இழுத்துக் கோக்கும். 'டக் டக்' என்று சத்தம் கேட்கும். துணியின் நான்கு மூலைப் பைகளில் கம்பி நுனிகளைச் செருக வேண்டும். மூன்று மூலை சுலபம், நான்காவதுக்கு முழங்காலால் முட்டுக்கொடுத்து இழுக்க வேண்டும். நனைந்த கையோடு என்றால் இன்னும் கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கும். பழகியவருக்கு விரிக்க ஒன்றரை நிமிடம், மடித்து உறைக்குள் போட இரண்டு நிமிடம். மாலை நாலு மணிக்குக் கூடாரம் போட்டு ராத்திரி எட்டு வரை உட்காரப் போகிறவருக்கு இது ஒன்றுமே இல்லை. ஐந்து நிமிட ஓய்வுக்காக நிற்பவருக்கு முக்கால் பங்கு நேரம் இதிலேயே போய்விடும்.

நம் எல்லை மலைகளில் ஓய்வு எப்படிப்பட்டது? பெரும்பாலும் ஐந்து நிமிடம், பத்து நிமிடம். காரணம் நடப்பவரின் அவசரமல்ல, சட்டமும் யானையும்.

சின்னாரில் ஆலம்பெட்டியிலிருந்து தூவானம் அருவிக்குப் போகும் நடை வனத்துறை வழிகாட்டியோடுதான். பறம்பிக்குளத்தில் எந்தப் பாதையிலும் தனியாக நடக்க விடமாட்டார்கள். வழிகாட்டிகளில் பலர் முதுவர், மலைப்புலையர், காடர், மலசர் சமூகத்தார். தமிழ்நாட்டுப் பக்கம் 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறிய 23 பேர் இறந்த பிறகு அனுமதி விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 40 பாதைகளை முறைப்படி திறந்தது. அங்கும் முன்பதிவு, வழிகாட்டி, பெரும்பாலும் காலையில் போய் அன்றே திரும்பும் நடை. காட்டுக்குள் நினைத்த இடத்தில் கூடாரம் அடித்துத் தங்குவது எல்லைக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் கிடையாது.

முன்னால் போகும் வழிகாட்டியான வாட்சர் நின்று கையைத் தூக்கினால் பின்னால் வரும் அத்தனை பேரும் நிற்க வேண்டும். 'போலாம்' என்று அவர் மெல்லச் சொன்னால் அடுத்த நொடி எழுந்திருக்க வேண்டும். மூங்கில் முறியும் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும், நமக்குக் கேட்டிருக்காது. அந்த நேரத்தில் நான்கு மூலையையும் கழற்றிக்கொண்டிருக்க முடியாது. விட்டுவிட்டு ஓடினால் காட்டுக்குள் அலுமினியக் குப்பை. ஃபோம் துண்டை ஒரு கையால் வாரிக்கொண்டு எழுந்துவிடலாம். கூட வருகிறவர்களின் பொறுமையும் ஒரு கணக்கு. எட்டுப் பேர் குழுவில் ஒருவர் மட்டும் நாற்காலி போட்டு உட்கார்ந்தால், மற்ற ஏழு பேரும் அவர் மடிக்கும் வரை நின்றுகொண்டு பார்ப்பார்கள். வாட்சர் ஒன்றும் சொல்ல மாட்டார். தன் தோர்த்துத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பாதையைப் பார்த்துத் திரும்பி நிற்பார், அதுவே போதும்.

சரி, ராத்திரி தங்கும் இடங்கள்? வனத்துறையின் மரவீடு, குடில், பங்களா என்று எதை எடுத்தாலும் முன்வாசலில் உட்கார ஏதாவது போட்டிருக்கிறார்கள்; பெரும்பாலும் பிளாஸ்டிக் நாற்காலி. அங்கே சொந்த நாற்காலிக்கு வேலை இல்லை. கூடாரத்தில் தங்கும் இடங்களும் உண்டு. மீசப்புலிமலைக்குக் (2,640 மீட்டர்) கேரள வன வளர்ச்சிக் கழகம் நடத்தும் அடிவார முகாம், சூரியநெல்லி, காந்தலூர், வட்டவடையிலுள்ள தனியார் முகாம்கள். இங்கெல்லாம் சாயந்திரம் மூன்று நான்கு மணி நேரம் வெளியே உட்கார்ந்து மலையைப் பார்க்கலாம். நாற்காலி உண்மையிலேயே சுகம். ஆனால் இந்த இடங்கள் வரை ஜீப் போகிறது. ஜீப்பில் ஏற்றும் நாற்காலி 490 கிராமா இரண்டரைக் கிலோவா என்பதில் யாருக்கு என்ன? அதே பணத்தில் அகலமான இருக்கையும் உயரமான முதுகும் தடித்த காலும் உள்ள ஒன்றை வாங்கி வண்டியில் போட்டுக்கொள்ளலாம்.

மிக இலேசான மடக்கு நாற்காலிக்கு இந்த மலைகளில் இடம் கிடைக்காமல் போவது இப்படித்தான். நடக்கும் இடத்தில் அதை விரிக்க நேரமில்லை. தங்கும் இடத்தில் அதன் இலேசு தேவைப்படுவதில்லை. அது வேறொரு நடைக்காகப் பிறந்த பொருள். அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதை சுமார் 3,500 கி.மீ., பசிபிக் கிரெஸ்ட் பாதை 4,200 கி.மீ.க்கு மேல். மாதக்கணக்கில் தினமும் இடம் மாறிக் கூடாரம் அடிப்பார்கள், ஒவ்வொரு மாலையும் வெறும் தரைதான். அங்கே 490 கிராமுக்கு ஒரு பொருள் இருக்கிறது. அங்கேயும் பல் தேய்க்கும் பிரஷின் கைப்பிடியை அறுத்து எடை குறைக்கும் ஆட்கள் உண்டு. அவர்கள் நாற்காலியைக் கண்டால் சிரிப்பார்கள்.

குளிரையும் கவனிக்க வேண்டும். நாற்காலி வாங்குகிறவர்கள் கடையில் யோசிக்காத விஷயம் இது. மூணாற்றைச் சுற்றியுள்ள தோட்டங்களில் சில ஜனவரிகளில் வெப்பநிலை பூஜ்யத்துக்கும் கீழே போகும், புல்மேல் உறைபனி படியும். கொழுக்குமலையில் சூரிய உதயம் பார்க்க இருட்டிலேயே ஏறி, முகட்டில் ஒரு மணி நேரம் காற்றில் காத்திருப்பார்கள். நாற்காலியின் துணி மெல்லியது. அடியில் காற்று தடையில்லாமல் ஓடுகிறது. உட்கார்ந்த பத்தாவது நிமிடம் தொடையின் அடிப்பக்கம் விறைக்கத் தொடங்கும். தரையிலிருந்து எழுப்பி உட்கார வைத்தால் கதகதப்பாக இருக்கும் என்று நினைப்பது இயல்பு, நடப்பது நேர்மாறு. ஃபோமுக்குள் ஆயிரக்கணக்கான குட்டி அறைகளில் காற்று சிறைப்பட்டிருக்கிறது. உடல் சூட்டைப் பாறைக்குக் கடத்த அது விடாது. குளிர் முகட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அனுபவசாலிகள் அதன்மேல் ஒரு ஃபோம் துண்டைப் போட்டு உட்காருகிறார்கள். இதைவிடத் தெளிவான தீர்ப்பு எனக்குத் தேவைப்படவில்லை.

காற்றையும் சொல்ல வேண்டும். பாலக்காட்டுக் கணவாயின் காற்று நெல்லியாம்பதி விளிம்புகளில் சும்மா இருக்காது. அரைக் கிலோ நாற்காலியை விட்டு எழுந்தால் அது உருண்டு போகும். ஃபோமும் பறக்கும், ஆனால் அதைக் கல்லின் கீழோ பையின் வாரிலோ சொருகி வைப்பது யாருக்கும் வரும்.

இரண்டுக்கும் நடுவே சில பொருட்கள் உண்டு. மொன்டானாவில் 1987-இல் தொடங்கிய கிரேசி கிரீக் நிறுவனம் காலில்லாத, முதுகுள்ள இருக்கை ஒன்றைச் செய்தது. இரண்டு பக்கமும் வார். உட்காருகிறவரின் எடையே முதுகை நிமிர்த்திப் பிடிக்கும். நல்ல யோசனை, ஆனால் எடை 600 கிராமைச் சுற்றி வருகிறது. தரையில் உட்கார முடிகிறவருக்கு மட்டுமே உதவும். காற்றடைக்கும் தலையணை இருக்கைகள் இன்னும் இலேசு. சின்னாரின் முள்ளில் அவற்றின் ஆயுளைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

மறையூரில் வேறொரு இருக்கையும் ஆசை காட்டும். முனியறைகள் என்று அங்கே சொல்லும் பெருங்கற்காலக் கல்திட்டைகள். நிறுத்திய பலகைக் கற்கள்மேல் குறுக்காக ஒரு மூடுகல். பார்த்தால் யாரோ பெஞ்சு போட்டு வைத்தது போலவே இருக்கும். மேலே ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஈமச்சின்னத்தின் மேல் உட்காருகிறோம் என்ற நினைப்பு வேண்டாமா? கல்லும் ஏற்கெனவே பல இடங்களில் சாய்ந்தும் உடைந்தும் கிடக்கிறது. பத்தடி தள்ளி எத்தனையோ சும்மா பாறைகள்.

நாற்காலியை யார் கட்டாயம் எடுத்துப் போகலாம்? முதுகுத்தண்டு வலிக்காரர், சாய்மானம் இல்லாமல் பத்து நிமிடம் உட்கார முடியாதவர். ஒரே இடத்தில் ஒன்றிரண்டு மணி நேரம் அசையாமல் காத்திருக்கும் பறவை நோக்கர், படம் எடுப்பவர். சின்னாரில் நரை அணிலைத் தேடுகிறவர் ஆற்றங்கரை மரங்களின் உச்சியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கழுத்துக்குச் சாய்மானம் கிடைத்தால் அது ஆடம்பரம் அல்ல. இவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. ஓரிரு ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் நகல்கள் பார்க்க அச்சு அசலாக இருக்கும். எடை பெரும்பாலும் ஒரு கிலோவை ஒட்டி. வாங்குமுன் மூலைப் பைகளின் தையலையும், கம்பிகள் கூடும் நடு மூட்டையும் பார்க்க வேண்டும். நாற்காலி உடைவது கம்பி நடுவில் வளைந்து அல்ல, இந்த இரண்டு இடத்தில்தான். சரிவில் போட்டுப் பின்னால் சாய்ந்தால் எந்த நாற்காலியும் மூட்டில் பிளக்கக்கூடும்.

ஃபோம் பக்கம் வந்தால் பிராண்டுகூடத் தேவையில்லை. தெர்ம்-எ-ரெஸ்ட்டின் கதையே தோட்டத்தில் தொடங்கியது என்பார்கள். 1970-களின் தொடக்கத்தில் சியாட்டிலில் போயிங்கின் முன்னாள் பொறியாளர் ஒருவர் செடி நடும்போது முழங்காலுக்கடியில் போட்ட ஃபோம் மெத்தையைப் பார்த்துத்தான் தானே காற்றடைத்துக்கொள்ளும் படுக்கைக்கு யோசனை கிடைத்ததாம். நாமும் அதே மாதிரி வீட்டைச் சுற்றிப் பார்க்கலாம். சபரிமலைக்குச் சத்திரம், புல்மேடு வழியாக நடக்கும் சாமிமார்கள் போர்வையை நாலாக மடித்துத்தான் உட்காருகிறார்கள். மூணாற்றுத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்கள் ஈரம் படாமல் இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக் படுதா, டீ நேரத்தில் அவிழ்த்துப் போட்டால் இருக்கை. இவற்றில் இல்லாதது குளிர்த்தடுப்பு மட்டும்தான். அதற்கு ஃபோம்.

பழைய யோகா பாய் ஒன்று ஈ.வி.ஏ. ஃபோமாக இருந்தால் 40-க்கு 30 செ.மீ. துண்டுகளாக இரண்டு வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஓரத்தில் டேப் ஒட்டினால் முடிந்தது. பேக்கிங் சாமான் விற்கும் கடைகளில் 10 மி.மீ. தடிமன் மூடிய அறை ஷீட்டும் கிடைக்கும். ஒரு கன மீட்டருக்கு 30 கிலோ அடர்த்தியுள்ளது என்றால் அந்த அளவுத் துண்டு 36 கிராம்தான் வரும். ஆனால் ரொம்ப மென்மையாக இருந்தால் ஒரு சீசனிலேயே தட்டையாகிவிடும், கொஞ்சம் விறைப்பாகப் பார்த்து வாங்க வேண்டும். கடைக்காரரிடம் ஒரு சிறு துண்டு கேட்டு வாளித் தண்ணீரில் அமுக்கிப் பிடித்துப் பிழிந்து பாருங்கள். தண்ணீர் சொட்டினால் அது ஸ்பஞ்சு. நிறம் மஞ்சளோ ஆரஞ்சோ எடுங்கள். பச்சையும் பழுப்பும் வேண்டாம். அட்டை ஏறினால் தெரிய வேண்டும், எழுந்து போகும்போது மறந்து விட்டால் கடைசியில் வருகிறவர் கண்ணில் பட வேண்டும்.